ஓவுலேஷனுக்குத் தமிழில் என்ன?

கோத்தகிரியிலிருந்து தங்கையை ஸ்கேன் எடுக்கக் குன்னூருக்குக் கூட்டிப்போயிருந்தேன். "முட்டை இன்னும் வெடிக்கலைம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டாள்: "வெடிக்கலைன்னா உள்ளயே கெட்டுப்போயிடுமாக்கா?"

வெடிப்பது முட்டை இல்லை, முட்டையைச் சுற்றி வளரும் நீர்ப்பை. சுமார் 20 மில்லிமீட்டர் வளர்ந்ததும் பை உடைந்து, புள்ளியளவு முட்டை வெளியே வரும். அதற்கு ஆயுள் ஒரே நாள். இந்த வெளியேற்றம்தான் ஓவுலேஷன்.

லத்தீனில் 'ஓவும்' என்றால் முட்டை. அதிலிருந்து வந்த சொல். பாலூட்டிகளின் முட்டையையே 1827-ல்தான் ஃபான் பேயர் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார், அதுவும் ஒரு நாயிடம். தமிழில் 'அண்டவிடுப்பு' என்பார்கள். அண்டம் வடசொல், கேட்டதும் எனக்குப் பேரண்டம்தான் நினைவுக்கு வரும். 'கருமுட்டை' பத்திரிகை வழக்கு. ஆனால் விந்தணு சேர்ந்த பிறகுதானே கரு? என் ஓட்டு 'சினைமுட்டை வெளியேற்றம்' என்பதற்கு. மீன் சினை, நண்டுச் சினை என்று சமையலறையில் புழங்கும் சொல். மரக்கிளைக்கும் சினை என்று பெயர். பள்ளியில் படித்த சினைப்பெயரில் அது உறுப்பு. "மாட்டுக்குச் சொல்றதை எனக்குச் சொல்றியா?" என்று தங்கை முகம் சுளித்தாள். சரி, அதுவும் நியாயம்தான்.

'நாள் தள்ளிப்போச்சு' என்றாலே ஊரில் விசேஷமா என்பார்கள். பல சமயம் தள்ளிப்போனது முட்டைதான். அது வெளியேறி ஏறக்குறைய 14 நாளில் மாதவிலக்கு வரும். இந்தக் கணக்கு அதிகம் மாறாது. தாமதமெல்லாம் அதற்கு முன்னால். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு, தைராய்டு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடுவது, எடை சட்டென ஏறுவது அல்லது இறங்குவது, மன உளைச்சல், தாய்ப்பால் கொடுக்கும் காலம், நாற்பதைத் தாண்டிய வயது எனக் காரணங்கள் பல. எதிர்வீட்டு அத்தை சொல்லும் மலைக்குளிர் அதில் இல்லை.

ஒரு மாதம் தள்ளினால், கர்ப்பமா என்று பார்த்துவிட்டு அமைதியாக இருக்கலாம். மூன்று மாதம் வராவிட்டாலோ, மாதவிலக்குச் சுழற்சி தொடர்ந்து 21 நாளுக்குக் குறைந்தாலோ, 35-ஐத் தாண்டினாலோ, பாலூட்டாதபோதே மார்பில் பால் கசிந்தாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு முயல்பவர்கள் 35 வயதுக்குள் என்றால் ஓராண்டு, அதற்கு மேல் ஆறு மாதம் பார்க்கலாம். சுழற்சியே ஒழுங்கில்லை என்றால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

தங்கைக்குச் சுழற்சி 38 நாள். அதில் 14 போனால், முட்டை வெளியேறுவது 24-ம் நாள் வாக்கில். ஸ்கேன் எடுத்தது 14-ம் நாள். அன்றைக்கு வெடித்திருந்தால்தான் ஆச்சரியம். 22-ம் நாள் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.