மேலதிகாரி ஏன் கடைசியாகப் பேச வேண்டும்?

"மீட்டிங்கில் நான் என்ன சொன்னாலும் எல்லாரும் சரி என்கிறார்கள். வேலை கெட்ட பிறகு 'அப்பவே நினைச்சேன் சார்' என்கிறார்கள். ஏன் இப்படி?" என்று புதிதாகக் குழுத் தலைவரான வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பயம், மரியாதை, இன்க்ரிமென்ட் எல்லாம் தெரிந்த காரணங்கள்தான். ஆனால் யாரும் பயப்படாத குழுவிலும், தலைவர் முதலில் வாயைத் திறந்தால் கணக்கு உதைக்கும்.

1906-ல் இங்கிலாந்தின் பிளைமவுத் கால்நடைக் கண்காட்சியில் ஒரு போட்டி. கொழுத்த எருதைக் காட்டி, அறுத்துச் சுத்தம் செய்தால் எத்தனை பவுண்டு தேறும் என்று கேட்டார்கள். ஆளுக்கொரு சீட்டில் எழுதிப் போட்டார்கள். ஃபிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 787 சீட்டுகளை வாங்கி வரிசைப்படுத்தினார். நடுவில் நின்ற எண் 1207. உண்மையான எடை 1198! பொதுமக்களின் தீர்ப்பை அவ்வளவாக நம்பாத மனிதர் கால்ட்டன், அவருக்கே ஆச்சரியம்.

இது எப்படி நடக்கிறது? ஒருவர் கூட்டிச் சொல்வார், இன்னொருவர் குறைத்துச் சொல்வார். தவறுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்றால், கூட்டலும் கழித்தலும் அடிபட்டுப் போகும். 100 பேரின் சராசரியில் பிழை, தனி ஆளின் பிழையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான்.

இப்போது உங்கள் மீட்டிங்குக்கு வருவோம். வேலைக்கு உண்மையில் 45 நாள் ஆகும். ஒருவர் மனதில் 30, மற்றவர் மனதில் 60. நீங்கள் முந்திக்கொண்டு "20 நாள் போதுமில்லையா?" என்கிறீர்கள். முப்பதுக்காரர் 22-க்கு இறங்குகிறார், அறுபதுக்காரர் 28-க்கு. யாரும் பொய் சொல்லவில்லை. காதில் விழுந்த எண் இழுத்துவிட்டது, அவ்வளவுதான். இனி எல்லார் பிழையும் ஒரே பக்கம். பத்துப் பேரைக் கூட்டினாலும் நூறு பேரைக் கூட்டினாலும் அது அடிபடாது. பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்து ஒருவர் மூளையை மட்டும் பயன்படுத்துகிறீர்கள்.

இந்திய ராணுவ நீதிமன்றங்களில் உறுப்பினர்களின் கருத்தை, பதவியில் இளையவரில் தொடங்கித்தான் கேட்பார்கள். நம் நிறுவனங்களோ முதலாளி நாற்காலி எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று வாஸ்துக்காரருக்குப் பணம் கொடுக்கின்றன. பேசும் வரிசையை மாற்றக் காசே வேண்டாம்.

முதலில் எல்லாரும் தாளில் எழுதட்டும், அப்புறம் பேசலாம். உங்கள் முறை கடைசியில். அதுவரை தலையாட்டாமல், புருவம் தூக்காமல் இருங்கள், முகமும் பேசிவிடும். தீ விபத்து மாதிரி அவசரத்தில் மட்டும் இதெல்லாம் வேண்டாம், உடனே உத்தரவு போடுங்கள். குழுவில் ஒருவருக்குமே விஷயம் தெரியாவிட்டாலும் சீட்டு எழுதிப் பயனில்லை. வெளியே போய் விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.