அலமாரியில் கிடக்கும் பேட்ஜும் மூன்று லட்சம் பேரின் டோஸ் கணக்கும்

மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவருக்குக் காலாண்டு முடிந்தால் ஒரு வேலை காத்திருக்கும். உடலில் பட்ட கதிர்வீச்சின் அளவை, அதாவது டோஸைப் பதிந்துவைக்க எல்லாரும் அணியும் டி.எல்.டி. பேட்ஜைத் திரட்டி, அளவு பார்க்க அனுப்ப வேண்டும். எக்ஸ்ரே பார்த்தபடியே இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் நாள் முழுக்க நிற்கும் டெக்னீஷியனின் பேட்ஜ் அலமாரியில் கிடக்கும். இல்லையென்றால், எக்ஸ்ரே அறைக்குள்ளேயே மாட்டியிருக்கும் லெட் ஏப்ரனில் (கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கியில்) தொங்கும். கேட்டால், "எப்பவும் ஜீரோதானே சார் வருது, போட்டு என்ன ஆகப்போகுது?" என்பார்கள்.

இதற்கு நான் சொல்லும் பதில் பிரான்சிலிருந்து வருகிறது.

அங்கே ஐ.ஆர்.எஸ்.என். என்று ஓர் அணுசக்திப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2002-இல் அமைந்தது. 2025 ஜனவரியில் அதை ஒழுங்குமுறை ஆணையத்தோடு இணைத்து ஏ.எஸ்.என்.ஆர். ஆக்கிவிட்டார்கள். ஆய்ந்து சொல்பவரும் அனுமதி கொடுப்பவரும் தனித்தனியே இருப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். அது இருக்கட்டும், அவர்கள் செய்த வேலைக்கு வருவோம்.

பிரான்சின் கடராஷ் என்ற இடத்தில் ஃபெபுஸ் என்ற சோதனை அணு உலை இருந்தது. முதலில் ஐ.ஆர்.எஸ்.என்.-இன் முன்னோடி நிறுவனமும் பிறகு ஐ.ஆர்.எஸ்.என்.-னுமாக, 1993 முதல் 2004 வரை ஐந்து முறை, அணு எரிபொருளை வேண்டுமென்றே உருகவிட்டு, வெளிவரும் கதிரியக்க அயோடின் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். கட்டுப்பாட்டுக் கம்பியிலிருந்து வரும் வெள்ளி, உலைக்கூடத்தின் அடியில் தேங்கும் நீரிலேயே அயோடினைப் பிடித்து வைத்துக்கொள்வது அதில் தெரியவந்தது. இந்த அளவீடுகள், ஜெர்மானிய நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஆஸ்டெக் என்ற விபத்துக் கணிப்பு மென்பொருளைச் சரிபார்க்க உதவின. ஒரு நிறுவனம் எத்தனை கட்டுரை வெளியிட்டது என்பதைவிட இப்படிப் பயனுக்கு வந்தது எது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

நம் பேட்ஜுக்கு நெருக்கமானது இன்வொர்க்ஸ் ஆய்வு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஒருங்கிணைக்க, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாடுகளின் அணுசக்தித் தொழிலாளர்கள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் டோஸ் பதிவுகளைச் சேர்த்தார்கள். பிரெஞ்சுத் தொழிலாளர் பகுதியைக் கவனித்தது ஐ.ஆர்.எஸ்.என். 2023-இல் வந்த முடிவு இதுதான்: திசுக்கட்டிப் புற்றுநோயால் (ரத்தப் புற்றுநோய் போன்றவை தவிர்த்து, கட்டியாக வரும் புற்றுநோயால்) இறக்கும் ஆபத்து, ஒரு கிரே டோஸுக்கு 52 சதவீதம் கூடுகிறது. கிரே என்பது டோஸை அளக்கும் அலகு; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே.

படித்ததும் பயப்பட வேண்டாம். அந்தத் தொழிலாளர்களின் வாழ்நாள் சராசரி டோஸ் சுமார் 20 மில்லிகிரேதான். கணக்குப் போட்டால், கதிர்வீச்சே இல்லாமல் 100 பேர் அந்தப் புற்றுநோயால் இறக்கும் இடத்தில் 101 பேர். ஆனால் அந்த ஒருவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் இத்தனை லட்சம் பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர வேண்டியிருந்தது. ஹிரோஷிமாவில் ஒரே நொடியில் பட்டவர்களை வைத்து மட்டும் பேசிக்கொண்டிருந்த காலம் போய், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் டோஸ் என்ன செய்யும் என்று நேரடியாகவே சொல்ல முடிகிறது. மெதுவாக வாங்கினால் பாதிப்பு குறைவு என்ற பழைய நம்பிக்கைக்கு இந்த ஆய்வில் ஆதரவு கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் மூலப்பொருள், யாரோ ஒரு தொழிலாளி அன்றன்றைக்கு அணிந்த அளவி. அலமாரியில் கிடந்த பேட்ஜ் காட்டும் ஜீரோ உங்களுடையது இல்லை. எக்ஸ்ரே அறையில் தொங்கிய பேட்ஜ் காட்டும் டோஸும் உங்களுடையது இல்லை. இரண்டுமே உங்கள் பெயரில் ஏறிவிடும்.

அதனால் பேட்ஜை நெஞ்சுப் பகுதியில், ஏப்ரனுக்கு உள்ளே அணியுங்கள். வேலை முடிந்ததும் கதிர்வீச்சு இல்லாத இடத்தில், கன்ட்ரோல் பேட்ஜ் (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக யாரும் அணியாமல் வைத்திருக்கும் பேட்ஜ்) இருக்கும் இடத்திலேயே வையுங்கள். உங்கள் டோஸ் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அப்புறம், வேறு மருத்துவமனைக்குப் போகும்போது பழைய டி.எல்.டி. எண்ணை அங்கே மறக்காமல் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆளின் டோஸ் இரண்டு பேர் கணக்காகப் பிரிந்துவிடும்.