கணக்கு நோட்டில் தீராத அட்வான்ஸ்

பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களைப் பற்றி ஊர் இரண்டு விதமாகப் பேசும். ஒன்று, ஐயோ பாவம். இன்னொன்று, அவளுக்கென்ன, நல்லா காசு பார்க்கிறாள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து சட்ட உதவி கேட்டு வருகிறவர்களின் காகிதங்களைப் பார்க்கிற வக்கீல் நான். இரண்டாவது பேச்சுதான் அதிகக் கெடுதல் செய்கிறது. காசு வருவது உண்மைதான். ஆனால் அது அவர் பெயரில் எங்கும் நிற்பதில்லை.

ஒருவர் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் அட்வான்ஸ் 50,000 ரூபாய். மைக்ரோ ஃபைனான்ஸ் வாரத் தவணைகளை அடைக்க வாங்கியது. கோயம்புத்தூரில் வீட்டு வேலை என்றுதான் கூட்டிப்போனார்கள். கூட்டிப்போனவர் அதே தெருவில் எல்லோரும் ‘அக்கா’ என்று கூப்பிடும் பெண். அடுத்த பக்கங்களில் வரவுக்கு எதிரே ரூம் வாடகை, சாப்பாடு, ஆட்டோ, டிரஸ், டாக்டர், ‘ஸ்டேஷன்’ என்று வரிசையாகக் கழிவு. காய்ச்சலில் படுத்த நாளுக்கும் வாடகை உண்டு. கடைசிப் பக்கத்தில் பாக்கி 62,000! நிரப்பாத புரோநோட்டும் கையெழுத்துப் போட்ட இரண்டு செக்கும் அந்த அக்காவிடம்.

தொழிலுக்குள் இழுக்கக் கொடுத்த அட்வான்ஸ் என்று காட்ட முடிந்தால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவுப்படி அந்தக் கடன் செல்லாது. ஏமாற்றியோ மிரட்டியோ கூட்டிப்போய்ச் சுரண்டுவது ஆள் கடத்தல். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவில் குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை. இதெல்லாம் தெரியாமல்தான் ‘வாங்கிய கடனைக் கொடுக்காமல் வந்தால் தப்பில்லையா சார்?’ என்று கேட்கிறார்கள்.

வயது ஏற ஏற வருமானம் சரியும். பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, வேறு வேலைக்கான பழக்கமும் இருக்காது. சரி, வெளியே வரலாம் என்றால் பழைய வழக்கு குறுக்கே நிற்கும். 1956ஆம் ஆண்டு விபச்சாரத் தடுப்புச் சட்டத்தில் வயது வந்த பெண் இந்தத் தொழிலில் இருப்பது மட்டுமே குற்றமாகாது. விடுதி நடத்துவது, பெண்களைச் சேர்த்துவிடுவது, பொது இடத்தில் அழைப்பது போன்றவைதான் குற்றம். ஆனால் பிடிபட்டவரிடம், ‘ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டுப் போ’ என்று யாராவது சொல்வார்கள். பிள்ளை பள்ளி விட்டு வரும் நேரம், அவரும் தலையாட்டிவிடுவார். அது தண்டனைப் பதிவு. அப்புறம் கல்ஃபுக்கு வீட்டு வேலைக்குப் போகப் போலீஸ் கிளியரன்ஸ் கேட்டால் அது வந்து நிற்கும். அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு, அந்த வருமானத்தில் தெரிந்தே வாழும் 18 வயது தாண்டிய எவரையும் குற்றவாளியாக்குகிறது. அம்மாவின் சம்பாத்தியத்தில் காலேஜ் போகும் மகனும் எழுத்துப்படி அதற்குள் வருவான். தரகரைப் பிடிக்கப் போட்ட வலை இது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

கேரளத்தில் பெண்களுக்கான அரசின் சுய உதவித் திட்டமான குடும்பஸ்ரீ 1998 முதல் இருக்கிறது. அதன் அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவான அயல்கூட்டத்தில் சேர்ந்தால் சேமிப்பும் உண்டு, கடனும் உண்டு. ஒருவரின் தொழிலைப் பற்றிப் பேச்சு கிளம்பிய பிறகு அவரை யாரும் வெளியே போகச் சொல்வதில்லை. இந்த வாரம் கூட்டம் யார் வீட்டில் என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். பிறகு கொள்ளை வட்டி வாங்கும் பிளேடு வட்டிக்காரரைத் தவிர யார் கொடுப்பார்?

வாடகை ஒப்பந்தம் எழுதித்தர வீட்டுக்காரர்கள் பயப்படுவதால் பலருக்கு முகவரிச் சான்று இருக்காது. 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி காட்டியது: மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் சான்றின் பேரில் ஆதார் பெறலாம், தொழிலைக் காட்டும் குறியீடு எதுவும் அதில் இருக்கக் கூடாது. தொழிலில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொல்கிறது.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100க்கு அழைக்கலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கை வங்கியில் போட்டு, அது பணமில்லாமல் திரும்பினால், பணம் கேட்டுக் கோயம்புத்தூர் வக்கீல் அனுப்பும் செக் நோட்டீஸ் பெரும்பாலும் இங்கிலீஷில் வரும். படிக்கத் தெரியவில்லை என்று அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். கையில் கிடைத்ததிலிருந்து 15 நாள்தான் அவகாசம். கவரையும் கிழித்துப் போடாமல் கொண்டு வாருங்கள். எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு அதன் மேலுள்ள தபால் முத்திரை உதவும்.