தூக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

பங்குனி பிறந்தால் போதும், எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு ஆடுகளோடு அட்டைப்பெட்டிகளும் வரத் தொடங்கிவிடும். பெட்டிக்குள் பழந்துணி, துணிக்குள் ஒரு குஞ்சு. மைனாவாக இருக்கும், காகமாக இருக்கும், பனையோலை வெட்டும்போது விழுந்த கண் திறக்காத அணில்பிள்ளையாகவும் இருக்கும். கொண்டுவருபவர் முகத்தில் பதற்றம் பாதி, பெருமை பாதி. “தாய் இல்லாமல் தனியாகக் கிடந்தது சார்” என்பார்கள். பெரும்பாலும் தாய் அங்கேதான் இருந்திருக்கும். இவர்கள் எப்போது நகர்வார்கள் என்று கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்திருக்கும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பது பெருமைப்படும்படியான கதையல்ல. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப்பக்கம் கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாடகை வீட்டுத் திண்ணையில் ஒரு கொண்டைக்குருவிக் குஞ்சு தத்திக்கொண்டிருந்தது. சிறகு முளைத்திருந்தது, பறக்கத் தெரியவில்லை. வெயில் கொளுத்திய நேரம். தாகமாக இருக்கும் என்று நானே முடிவு செய்து, இங்க் ஃபில்லரால் அலகுக்குள் நான்கு சொட்டு விட்டேன். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது. தேர்வில் படம் வரைந்து பாகம் குறித்தவன்தான் நான். தண்ணீர் நுரையீரலுக்குள் போய், குஞ்சு என் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது. தாய்ப்பறவை வாயில் புழுவோடு கொடிக்கம்பியில் உட்கார்ந்திருந்ததை அதன் பிறகுதான் பார்த்தேன்.

கொண்டைக்குருவிக் குஞ்சுகள் நன்றாகப் பறக்கப் பழகும் முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். சில நாள் தரையிலும் புதரிலும் தத்தித் திரியும். தாயும் தகப்பனும் தேடிவந்து ஊட்டும். பல சிறு பறவைகளுக்கும் வளர்ச்சியில் இது ஒரு கட்டம். நம் கண்ணுக்குத்தான் அது அநாதையாகத் தெரிகிறது. பூனை, நாய் வராமல் பார்த்துக்கொண்டு, பக்கத்துச் செடியின் கிளையில் ஏற்றிவிட்டால் போதும். சிறகு முளைக்காத வெற்றுடம்புக் குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். கூடு சிதைந்திருந்தால் சிறு கூடையில் காய்ந்த புல் பரப்பி அதே மரத்தில் கட்டுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். பறவைகளைப் பொறுத்தவரை அது வெறும் பேச்சு.

அணில்பிள்ளை என்றால் ஆழமில்லாத பெட்டியில் போட்டு, கிடந்த மரத்தடியிலேயே வைத்துவிட்டு எட்டி நில்லுங்கள். தாய் வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். நம் மாவட்டத்தில் அணிலைப் பற்றி யார் எழுதினாலும் சேதுவுக்கு மண் சுமந்த கதையில் கொண்டுபோய் முடிப்பார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம், தயவுசெய்து பசும்பால் ஊட்டாதீர்கள் என்பதுதான். வயிற்றுப்போக்கில் போய்விடும். உடல் சில்லிட்டிருந்தால் முதலில் கதகதப்பு, பிறகுதான் உணவு.

நின்று பார்க்கக் கூடாத நேரமும் உண்டு. பூனை கவ்விய குஞ்சு, எறும்பு மொய்த்தது, நைலான் வலைத்துண்டு காலில் சுற்றி இறுகியது: இவற்றை உடனே எங்களிடமோ வனத்துறையிடமோ கொண்டுவாருங்கள். பிழைத்தால் நாமே வளர்ப்போம் என்று மட்டும் நினைக்காதீர்கள். காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. மைனாவையும் கிளியையும் கூண்டில் வைப்பது அதன்படி குற்றம்.

குருவி செத்ததோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. அதற்கு அரிச்சல்முனை வரை போக வேண்டியிருந்தது. தனுஷ்கோடிக் கரையில் பங்குனி ஆமைகள் இடும் முட்டைகளை வனத்துறையினர் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துப் பாதுகாக்கிறார்கள். ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். ஒருநாள் விடியற்காலை, அவற்றைக் கடலில் விடும் இடத்தில் நானும் நின்றிருந்தேன். குஞ்சுகளை அலையிலிருந்து சில அடி தள்ளியே மணலில் விட்டார்கள். ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து துடுப்பை அடித்துக்கொண்டிருந்தது. என் கை தானாக நீண்டது. “இருங்கள் சார், அதுவே நடக்கட்டும்” என்றார் காவலர். மணலில் நடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் அது தன் கரையை மனத்தில் பதித்துக்கொள்கிறது என்று கருதப்படுகிறது. பெண் ஆமை பல ஆண்டுகள் கழித்து முட்டையிடப் பிறந்த கரைப்பக்கமே திரும்பி வரும். கடல்பக்கத்து வெளிச்சம்தான் குஞ்சுக்கு வழிகாட்டி. செல்போன் விளக்கை அடித்தால் திசை மாறிப் போய்விடும், படம் எடுக்கிறவர்கள் கவனிக்கவும். கவிழ்ந்தது தானே நிமிர்ந்து, இன்னும் இரண்டு முறை உருண்டு, அலைக்குள் போய்விட்டது. நான் சட்டைப்பைக்குள் கையை விட்டபடி நின்றிருந்தேன். அத்தனை சிரமமான வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை.

அந்த ஆண்டுதான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது கை பலவீனமாகியிருந்தது. பிசியோதெரபி நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் காலையில் சட்டை மாட்டிப் பொத்தான் போடுவது, சோற்றைப் பிசைந்து கொடுப்பது, செருப்பை மாட்டுவது எல்லாம் நான்தான். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. அப்பாவுக்குப் பிடித்திருந்ததா என்று நான் கேட்டதில்லை.

அரிச்சல்முனையிலிருந்து திரும்பிய மறுநாள், சட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு நிலைப்படியில் நின்றேன். ஐந்து பொத்தானுக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. இரண்டு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டேன். ஒரு பொத்தான் துளை மாறி, சட்டை ஒரு பக்கம் ஏறி இறங்கி இருந்தது. அப்படியே டீக்கடைக்குக் கிளம்பினார்.