மயோனைஸை விடுங்கள், அந்தச் சிக்கன் எத்தனை மணிக்கு வெந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை இரவு கிளினிக்கை மூடப்போகும் நேரத்தில் ஒரே வீட்டிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். தாத்தா, பாட்டி, இரண்டு மருமகள்கள், மூன்று பிள்ளைகள். எல்லோருக்கும் வாந்தி. பேத்தியின் பிறந்தநாள். ஆறரைக்குக் கேக் வெட்டி, ஏழு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் முதல் பிள்ளை வாந்தியெடுத்துவிட்டது.

இந்தக் கோடையில் இப்படி வந்த நான்காவது குடும்பம் இது. நான்கு வீட்டிலும் மேஜையில் இருந்தது ஒரே பண்டம்: வேகவைத்த சிக்கனைப் பிய்த்துப் போட்டு, திராட்சை, ஆப்பிள், மாதுளை, முந்திரி சேர்த்து மயோனைஸில் புரட்டிய சிக்கன் சாலட். நான்கு வீட்டாரும் எடுத்த எடுப்பில் சொன்னதும் ஒன்றேதான்: "டாக்டர், நாங்க முட்டை மயோனைஸ் போடவே இல்லை. எக்லெஸ்தான் வாங்கினோம்."

இதைத்தான் இன்று விளக்கியாக வேண்டும். 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு தடை போட்டது. கேரளம் 2023லேயே இந்த நடவடிக்கையை எடுத்திருந்தது. தெலங்கானா 2024 அக்டோபரில் எடுத்தது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், அதை வேகவைக்காமல் சாப்பிடுகிறோம் என்பதுதான் காரணம். நல்ல முடிவு, நான் வரவேற்றேன். ஆனால் அந்தச் செய்தி வீடுகளுக்குப் போய்ச் சேரும்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. முட்டை இருந்தால் விஷம், முட்டை இல்லாவிட்டால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வெளியில் வைக்கலாம் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அப்படி இல்லவே இல்லை. பாட்டிலில் வரும் மயோனைஸில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ இருக்கிறது. அந்தப் புளிப்பில் கிருமி எளிதில் பெருகாது. ஆனால் அது பாட்டிலுக்குள் இருக்கும்வரைதான். அரை கிலோ சிக்கன், நறுக்கிய ஆப்பிள், தண்ணீர் விடும் மாதுளை, கொஞ்சம் தயிர், கொஞ்சம் ஃப்ரெஷ் கிரீம் எல்லாவற்றையும் அதோடு கலந்த பிறகு அந்தப் புளிப்பு எங்கே இருக்கிறது? நீர்த்துப்போய்விட்டது. இப்போது உங்கள் பாத்திரத்தில் இருப்பது வெந்த இறைச்சியும் ஈரமும், முப்பத்தைந்து டிகிரி அறைச்சூடும். கிருமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மயோனைஸில் முட்டை இருந்ததா இல்லையா என்பது இந்த இடத்தில் கேள்வியே இல்லை. கேள்வி சிக்கனைப் பற்றியது. எத்தனை மணிக்கு வெந்தது? யார் கை பட்டது? எங்கே, எவ்வளவு நேரம் இருந்தது?

வாந்தி, பேதி என்று யார் வந்தாலும் நாங்கள் முதலில் கணக்குப் போடுவது நேரத்தைத்தான். சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில், காய்ச்சல் அதிகமில்லாமல், குடும்பமே ஒன்றாக வாந்தியெடுத்தால் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி விடும் நச்சு. சால்மோனெல்லா என்றால் ஆறு மணி நேரத்திலிருந்து சில நாட்கள்வரை ஆகும், காய்ச்சலும் பேதியும் கூடவே வரும். (கடைசியாகச் சாப்பிட்ட பானிபூரியின் மேல்தான் எல்லோரும் பழி போடுவார்கள். பல நேரம் குற்றவாளி அதற்கு முந்தைய நாள் சாப்பாடு.)

அந்த வீட்டு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். காலை பதினொரு மணிக்குச் சிக்கனை வேகவைத்திருக்கிறார். சூடு தணியும்முன்பே கையால் பிய்த்திருக்கிறார். விரலில் இரண்டு நாளைக்கு முன் பட்ட வெட்டுக்காயம், மேலே பிளாஸ்திரி. பிறகு எல்லாவற்றையும் கலந்து டைனிங் டேபிளில் வைத்துவிட்டார். ஃபிரிட்ஜில் இடமில்லை, கேக் இருந்தது. "மூடிதான் டாக்டர் வெச்சிருந்தேன்" என்றார். மூடி ஈயைத் தடுக்கும். உள்ளே பெருகுவதைத் தடுக்குமா? எட்டு மணி நேரம்!

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் நம்மில் பத்துப் பேரில் மூன்று பேருக்கு மூக்கிலேயே குடியிருக்கிறது. காயத்திலும் கொப்புளத்திலும் இன்னும் அதிகம். வெந்த இறைச்சியில் கை வழியாகப் போய் உட்கார்ந்தால், அங்கே போட்டிக்கு வேறு கிருமிகள் இல்லாததால் தாராளமாகப் பெருகும். பெருகும்போது விடுகிற நச்சுக்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியும் மாறாது. "மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்பது எனக்கு ஆறுதல் தருவதில்லை. அதைச் சூடு பண்ணினாலும் பயனில்லை. கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும்.

"அப்போ இனிமே செய்யவே கூடாதா?" என்று கேட்டார். தாராளமாகச் செய்யலாம், எங்கள் வீட்டிலும் செய்கிறோம். எப்படி என்று சொல்கிறேன்.

பழங்களை முதலில் கழுவி, துடைத்து, எடுத்து வைத்துவிடுங்கள். சிக்கன் அதற்கப்புறம்தான். கறிக்கடையிலிருந்து வந்த சிக்கனைக் கழுவாமல் நம் வீடுகளில் யாருக்கும் மனம் ஒப்பாது என்று எனக்குத் தெரியும். கழுவுவதென்றால் குழாயை வேகமாகத் திறந்து விடாதீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து மெல்ல அலசுங்கள், பிறகு சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். சிக்கன் வெட்டிய பலகையிலும் கத்தியிலும் ஆப்பிள் வெட்டாதீர்கள். சிக்கன் அடுப்புக்குப் போகிறது, ஆப்பிள் போகவில்லை.

எலும்பில்லாத நெஞ்சுக்கறி அரை கிலோவை உப்பும் மிளகும் போட்ட தண்ணீரில், தளதளவென்று கொதிக்க விடாமல் மெல்லிய தீயில் பதினைந்து நிமிடம் வேகவிடுங்கள். தடித்த துண்டென்றால் இன்னும் சில நிமிடம். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இல்லையென்றால் தடித்த இடத்தில் வெட்டிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. அகலமான தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் ஆறவிட்டு, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். முழுதாக ஆறட்டும் என்று மணிக்கணக்கில் காத்திருப்பதுதான் தப்பு. இரண்டு முட்கரண்டிகளால் பிய்க்கலாம், கை தேவையே இல்லை. விரலில் காயம் இருந்தால் அன்றைக்கு வேறு யாராவது செய்யட்டும்.

பரிமாறப் பத்து நிமிடம் இருக்கும்போது கலக்குங்கள், அதற்கு முன் வேண்டாம். அரை கப் மயோனைஸ், கால் கப் நீர் வடித்த தயிர், எலுமிச்சைச் சாறு, ஒரு கப் திராட்சை, ஒரு ஆப்பிள், கொஞ்சம் வெங்காயத்தாள். வறுத்த முந்திரியையோ வால்நட்டையோ கடைசியில் தூவினால் மொறுமொறுப்பும் போகாது. வேகவைக்காத அன்னாசியைச் சேர்க்காதீர்கள். அதிலுள்ள நொதி சிக்கனைக் குழைத்துவிடும், தயிரைக் கசக்க வைத்துவிடும்.

பெரிய பாத்திரத்தில் ஐஸ்கட்டி, அதன்மேல் சாலட் கிண்ணம். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் போகும் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. அதைத் தாண்டி மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வேலைக்கு வரும் அக்காவுக்கும் கொடுக்காதீர்கள். கொட்டிவிடுங்கள். உணவை வீணாக்குவது எனக்கும் வலிக்கும், ஆனாலும் கொட்டுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுத் திராட்சை, முழு முந்திரி கொடுக்காதீர்கள். திராட்சை அவர்களின் மூச்சுக்குழாயைச் சரியாக அடைக்கும் அளவில்தான் இருக்கிறது. நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், பருப்பைப் பொடித்துப் போடுங்கள். விருந்துக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் முந்திரி, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். சாஸில் முந்திரி அரைத்து ஊற்றியிருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், அது கண்ணுக்குத் தெரியாது. சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்கி, தடிப்பு வந்து, மூச்சு இழுத்தால் "சூடு" என்று மோர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள்.

வாந்தி வந்துவிட்டால்? ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட் ஒன்று, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். அரை லிட்டரில் கரைக்காதீர்கள். ஸ்பூன் ஸ்பூனாக, இடைவெளி விட்டுக் கொடுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்க வேண்டாம், நச்சை அது ஒன்றும் செய்யாது. பேதியை நிறுத்தும் மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பிள்ளை துவண்டு கிடக்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்காமல் கிளம்புங்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் முன்கூட்டியே வந்துவிடுவது நல்லது.

அந்த ஏழு பேரில் தாத்தாவுக்கு மட்டும் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. மறுநாள் மதியம் எல்லோரும் தெளிந்துவிட்டார்கள். கிளம்பும்போது அந்த அம்மா, பள்ளிக்கு டிபன் பாக்ஸில் இதைக் கொடுத்து அனுப்பலாமா என்று கேட்டார். காலை ஏழரைக்குக் கட்டினால் பிள்ளை பன்னிரண்டரைக்குச் சாப்பிடும். ஐந்து மணி நேரம். வேண்டாம் அம்மா, அதற்குச் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் போதும். சாலட்டைச் சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு கலந்து கொடுங்கள்.