கத்தி பட்டதால் பரவவில்லை

வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர், நாலு மாதம் கழித்துக் கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டியோடு வருகிறார். கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைக்கச் சொல்லியிருந்தோம், போகவில்லை. கூட வந்த அண்ணன் சொல்கிறார்: “கத்தி பட்டதாலதான் பரவிடுச்சு, சயா (பர்மியில் டாக்டர்).” இதையே கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

கத்தி பட்டால் புற்றுநோய் பரவாது. கட்டியோடு சுற்றியுள்ள நல்ல சதையையும், தேவைப்பட்டால் கழுத்து நெறிக்கட்டிகளையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம். அப்படியும் கண்ணுக்கோ ஸ்கேனுக்கோ சிக்காத செல்கள் மிஞ்சலாம். அவை கத்தி வருவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்தவை. ஆபரேஷனே வேண்டாம் என்று ஓடியவர்களுக்கும் கழுத்தில் கட்டி வருகிறதே, அவர்களை எந்தக் கத்தி தொட்டது? “எல்லாம் எடுத்தாச்சுன்னீங்களே, அப்புறம் ஏன் கரண்ட்?” என்பார்கள். தெரிந்ததை எடுத்தோம், தெரியாததற்குத்தான் கரண்ட்.

எல்லோருக்கும் அது தேவையில்லை. சதைப் பரிசோதனை ரிப்போர்ட்தான் தீர்மானிக்கும். வெட்டிய விளிம்பில் புற்றுநோய் செல் இருக்கிறதா, நோய் நெறிக்கட்டியின் உறையைத் தாண்டியிருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இருந்தால் பெரும்பாலும் கரண்டோடு கீமோவும் சேரும்.

கரண்ட் தேவை என்றால் ஆபரேஷன் நடந்த 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். பீலிக்கான் கோயில் திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று நம்மவர்கள் தள்ளுகிறார்கள். பெகுவிலிருந்து வந்து ரங்கூனில் வாரம் 5 நாள் வீதம் 6 வாரம் தங்குவது லேசான காரியமில்லை, தெரியும். அதனால்தான் தங்க இடத்தை ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துவையுங்கள் என்று மன்றாடுகிறேன். கெட்டுப்போன பல்லையும் முன்பே பிடுங்கிவிடுங்கள். கரண்ட் வைத்த தாடையில் பிறகு பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம்.

குன்யாவை (வெற்றிலை பாக்கு மடிப்பை) விட்டே ஆக வேண்டும். “புகையிலை போடாமல்தானே மெல்கிறேன்” என்ற சமாதானமெல்லாம் வேண்டாம். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது.

திரும்ப வருவது பெரும்பாலும் முதல் 2 வருடத்தில்தான். முதல் வருடம் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள், வலி இல்லாவிட்டாலும். இடையில் ஆறாத புண், புதுக் கட்டி, வாய் திறப்பது குறைவது, விழுங்கச் சிரமம் என்று எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். காது சுத்தமாக இருந்தும் ஆபரேஷன் செய்த பக்கம் காது வலிக்கிறதா? சொட்டு மருந்து விட்டுப் பார்த்து வாரங்களை ஓட்டாமல் அதே வாரம் வந்துவிடுங்கள். தொண்டையில், நாக்கின் அடியில் திரும்ப வரும் கட்டி சில சமயம் காது வலியாகத்தான் தலைகாட்டும்.