கொரிந்தியர் ஆறாம் அதிகாரமும் காலாவதியான புரோநோட்டும்

வழக்குப் போடவேண்டிய மூன்று வருடம் முடிந்துபோன புரோநோட்டை (கடன் பத்திரத்தை) மடித்துக் கொண்டுவந்து வக்கீலான என்னிடம் நீட்டுகிறார்கள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டால், நீலகிரியில் குன்னூரோ கோத்தகிரியோ, பதில் ஒன்றுதான்: "சகோதரன் மேல கேஸ் போடறது பாவம்னு சபை மூப்பர் சொன்னாருங்க." கடன் வாங்கினவரும் அதே சபை. பச்சைத் தேயிலைக்கு விலை ஏறட்டும், தந்துவிடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். நோட்டு செத்த மறுவாரமே பேச்சு மாறிவிடுகிறது.

ஒவ்வொருவருக்கும் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

எல்லாரும் காட்டுவது 1 கொரிந்தியர் 6. வழக்கு இருந்தால் பரிசுத்தவான்களிடம் போகாமல் அநீதக்காரரிடம் போகலாமா என்னும் முதல் வசனத்தோடு வேதத்தை மூடிவிடுகிறார்கள். ஐந்தாம் வசனத்தில் பவுல், சகோதரருக்குள் வழக்கைத் தீர்க்க உங்களில் ஒரு விவேகிகூட இல்லையா என்று கேட்கிறார். வழக்கைத் தீர்த்துவைக்கச் சொல்கிறார், ஐயா, ஊறப்போடச் சொல்லவில்லை. கடன் வாங்கினவரின் மைத்துனர் உட்கார்ந்திருக்கும் கமிட்டியையா அவர் விவேகி என்றார்? அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளலாமே என்னும் ஏழாம் வசனம், இழந்தவர் தானாக எடுக்கவேண்டிய முடிவு. பக்கத்தில் இருப்பவர் அதை அவர் தலையில் கட்டக்கூடாது. எட்டாம் வசனத்தை எந்தப் பஞ்சாயத்திலும் வாசிக்கக் கேட்டதில்லை: சகோதரரையே வஞ்சிக்கிறீர்களே என்று அது கண்டிப்பது ஏமாற்றினவரை. பவுல் தமக்கென்று வந்தபோது என்ன செய்தார்? பிலிப்பியில் ரோமரான தங்களை விசாரிக்காமல் அடித்ததற்கு அதிகாரிகளே நேரில் வரவேண்டும் என்றார். ரோம ஆளுநர் பெஸ்துவின் முன்னால் நின்று இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் அப்பீல் செய்தார். ஒரு சட்டப்பிரிவின் முதல் வரியை மட்டும் வாசித்து வாதாடினால் எந்த நீதிபதியும் மீதியையும் வாசிக்கச் சொல்வார். வேதத்துக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

கணக்கு இதுதான். 2022 ஜூன் 10 தேதியிட்ட, கேட்டவுடன் தரவேண்டிய நோட்டுக்கு 2025 ஜூன் 10க்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும். சபையார் முன் வாயால் கொடுத்த வாக்கு ஒரு நாளைக்கூட நீட்டிக்காது. நீட்டிக்க வேண்டுமானால், மூன்று வருடம் முடிவதற்குள், கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அல்லது சிறு தொகையாவது வாங்கி, நோட்டின் பின்புறம் வரவு வைத்து அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். செக் என்றால் அவகாசம் இன்னும் குறைவு: திரும்பியது தெரிந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதற்குப்பின் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் கிரிமினல் புகார். உபவாச ஜெபம் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தப் புகாருக்குச் செக் வெறும் காகிதம்.

அடுத்தது அப்பா சொத்தில் பெண் பங்கு. கேரளத்திலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த கூடலூர், பந்தலூர்ப் பக்கம், சீதனம் வாங்கினவளுக்குப் பங்கில்லை என்பது இன்னும் சட்டம்போலவே பேசப்படுகிறது. அது 1916ஆம் வருடத்துத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தின் வாசனை: மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மேரி ராய் வழக்கோடு அங்கேயே அது ஒழிந்தது. நீலகிரியில் அது சட்டமாக இருந்ததே இல்லை. 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் அப்பா இறந்தால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மூன்று ஏக்கர் தேயிலை, நான்கு பிள்ளைகள் என்றால் அம்மாவுக்கு ஒரு ஏக்கர், மகனோ மகளோ ஆளுக்கு அரை ஏக்கர். (பூர்வீகச் சொத்து, அப்பா உயில் எழுத முடியாது என்பதும் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. எழுதலாம்.)

மகன் இல்லாவிட்டால்தான் மகளுக்கு என்று எண்ணாகமம் 27ஐ எடுத்துவருபவர்கள் அந்த அதிகாரத்தை முழுதாக வாசிக்கட்டும். மகன் இல்லாமல் இறந்த செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேக்கும் சபைக்கும் முன்னால் நின்று தங்கள் வழக்கைத் தாங்களே வாதாடினார்கள். அவர்களை யாரும் பாவிகள் என்று துரத்தவில்லை. கேட்டது நியாயம் என்று தீர்ப்பு வந்தது. அக்கா தங்கைகளே, பங்கு வேண்டாம் என்று 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதித் தந்தால் உங்கள் உரிமை போய்விடாது. அதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வேண்டும். அதனால் அந்த அலுவலகத்துக்குக் கூப்பிட்டால், வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

போதகர்களுக்கு ஒரு விண்ணப்பம். "கேஸ் போடாதே" என்பது ஜெபம் அல்ல, சட்ட ஆலோசனை. வக்கீல் தப்பாகச் சொன்னால் பார் கவுன்சிலுக்கு இழுக்கலாம்; உங்களை எங்கே இழுப்பது? சொத்தைப் பிரித்துத்தரக் கேட்டவனிடம், என்னைப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று இயேசுவே ஒதுங்கிக்கொண்டார். எங்கள் தொழில்காரர்களையும் விடுவதற்கில்லை. ஆராதனை முடிந்து வாசலில் அண்ணனுக்கு யோசனை சொல்லிவிட்டுத் தம்பிக்கு வக்காலத்துப் போடுவது பார் கவுன்சில் விதிக்கே விரோதம்.

18 வயதுக்குட்பட்ட பிள்ளை மேல் பாலியல் நோக்கில் கைவைத்த விஷயத்தில் சமரசம் என்ற பேச்சே கூடாது. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நிறுவனத்தின் பொறுப்பாளர் தமக்குக் கீழுள்ளவரை மறைத்தால் ஓராண்டு வரை. போதகர், பாதிரியாருக்கென்று விலக்கு எதுவும் அதில் இல்லை. வக்கீலிடம் சொன்னதற்குச் சட்டத்தில் இரகசியப் பாதுகாப்பு உண்டு, போதகரிடம் சொன்னதற்கு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சமாதானமாகப் போக ஆசையா? நல்லது. கெடு நெருங்கினால் முதலில் வழக்கைத் தாக்கல் செய்யுங்கள், பிறகு லோக் அதாலத்தில் (சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றத்தில்) உட்காருங்கள். அங்கே பேசி முடித்தால் அதுவே கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை), அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஊட்டியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள். வரும்போது ஜெராக்ஸ் போதாது, அசல் நோட்டைக் கொண்டுவாருங்கள்.